அரிசியை அளந்தவரும் கனியை அளந்தவரும்

தேக்காச் சந்தையில் சப்போட்டாப் பழம் வாங்குவோரைச் சற்று நின்று கவனித்தால் ஒன்று புலப்படும். விலை கேட்பதற்கு முன்பே அவர்களின் விரல் பழத்தின் மேல் மெல்ல அழுந்தும். கல்போல் இருப்பது இரண்டு நாளைக்கு ஆகும். சிறிது குழைவது இன்றைக்கு ஆகும். மிகக் குழைந்தது வேண்டாம். அவ்வளவுதான் அங்கு நடைபெறும் ஆராய்ச்சி. மலாய் வழக்கில் 'சீக்கு' எனப்படும் இந்த எளிய கனி, 2002ஆம் ஆண்டில் வேறொரு வகையான சோதனைக்கு உட்பட்டது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோங் லாய் பெங், ஷுய் குவாங்ஹோவ் என்னும் இருவர், நம் சந்தைகளில் விற்கப்படும் 27 வகைக் கனிகளின் 'ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்ற'லை அளந்து, உணவு வேதியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். ஆப்பிளையும் ஆரஞ்சையும் ஸ்ட்ராபெரியையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதலிடத்தில் வந்து நின்றது சப்போட்டா. அதுவும் சிறு வேறுபாட்டில் அன்று. 100 கிராம் கனியின் ஆற்றலை வைட்டமின் 'சி'யின் மில்லிகிராம் அளவாக மாற்றிச் சொல்லுவது அவர்கள் கொண்ட முறை. அம்முறைப்படி சப்போட்டாவிற்குக் கிடைத்த எண் 3396. இரண்டாவதாக வந்த ஸ்ட்ராபெரிக்கு 472. நாம் பெரிதும் போற்றும் இளநீர் கடைசி வரிசையிலே நின்றது.

இவ்வெண்ணைக் கேட்டவுடன் நாளைக்குப் பத்துச் சப்போட்டா உண்ணலாமா என எண்ணுவோர் இருப்பர். எண்களைக் காட்டி விற்கும் வணிகரும் இருப்பர். ஆனால் தாவர உணவு ஒன்றின் நலந்தரும் ஆற்றலை எண்ணால் அளக்கும் முயற்சி, நம் வட்டாரத்தில் சப்போட்டாவோடு தொடங்கியதன்று. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே அது தொடங்கிவிட்டது. அன்று அளக்கப்பட்டது அரிசி. அளவையின் விளைவு வாழ்வா சாவா என்பதாக இருந்தது. அந்தக் கதையில் தமிழரின் உலைப்பானைக்கும் ஓர் இடம் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 'பெரிபெரி' என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. முதலில் கால் மரத்துப்போகும், நடை தளரும், பின்னர் சிலருக்கு உடல் வற்றும், சிலருக்கு வீங்கும், இறுதியில் இதயம் ஓயும். சுரங்கங்களிலும் சிறைகளிலும் மனநோய் விடுதிகளிலும் ஏழையர் மருத்துவமனைகளிலும் இந்நோய் குடிகொண்டிருந்தது. டான் டோக் செங் மருத்துவமனை 1860 முதல் 1909 வரை சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் சந்திக்கும் பகுதியில் இருந்தது என்பதை இன்று அச்சாலையில் நடப்போர் பலரும் அறியார். கைப்பொருளற்ற கூலித் தொழிலாளர் இறுதி நாள்களைக் கழித்த இடம் அது. மாட்டுத் தொழுவங்களும் சதுப்பு நிலமும் சூழ்ந்த அன்றைய சிராங்கூன் சாலையில், பெரிபெரி கண்டவர்கள் கால்களை இழுத்து இழுத்து நடந்து சென்ற காட்சியை நாம் கற்பனையில்தான் காண இயலும்.

நோயின் காரணம் யாது? தீய காற்று என்றனர் சிலர். மண்ணின் ஈரம் என்றனர் வேறு சிலர். கிருமிகளின் புகழ் ஓங்கியிருந்த காலமாதலால், இதற்கும் ஒரு கிருமி இருந்தே தீரும் எனப் பலர் நுண்ணோக்கியைத் துளைத்துக்கொண்டிருந்தனர். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக விளங்கிய வில்லியம் லியோனார்ட் பிராடன் நுண்ணோக்கியை விட்டுச் சோற்றுத் தட்டைப் பார்த்தார். ஒரே காற்று, ஒரே மழை, ஒரே நிலம். ஆயினும் நோய் மூவினத்தாரையும் ஒரேபோல் தாக்கவில்லை. சயாமிலிருந்து ஆலையில் தீட்டி வெண்மையாக்கப்பட்டு வந்த அரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெருவாரியாக மடிந்தனர். தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது குற்றிச் சமைத்த மலாய்க்காரரிடம் நோய் அரிதாகவே இருந்தது. தமிழ்த் தொழிலாளரிடமும் அவ்வாறே. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. 1907இல் வெளிவந்த பிராடனின் நூல் இவ்வேறுபாட்டையே அடித்தளமாகக் கொண்டது. அவர் கண்ட காட்சி சரியானது. சொன்ன காரணம் தவறானது. வெள்ளை அரிசி பழசாகும்போது அதில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என அவர் கருதினார். உண்மையில் அங்கு நஞ்சு ஒன்றும் சேரவில்லை. இருக்கவேண்டிய ஒன்று இல்லாமற்போயிருந்தது.

புழுங்கல் அரிசியைப் பற்றி நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை எனினும், அதன் உள்நிகழ்ச்சியைச் சொல்லுதல் தகும். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின் உமி நீக்குகிறோம். ஊறும்போதும் வேகும்போதும், தவிட்டிலும் முளையிலும் உள்ள நீரில் கரையும் சத்துகள் அரிசியின் உட்பகுதிக்கு நகர்கின்றன. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அவற்றில் ஒரு நல்ல பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. பச்சரிசிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆலையில் தீட்டத் தீட்டச் சத்து தவிட்டோடு போய்விடும். இதனை முன்னோர் அறிந்தே செய்தனர் என்று மேடையில் முழங்குவாருண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவித்த நெல் குற்றும்போது எளிதில் உமி கழலும், அரிசி நொறுங்காது, பூச்சி அவ்வளவாக அண்டாது, சோறு பொலபொலவென இருக்கும். உழைக்கும் குடும்பத்துக்கு இவையே போதுமான காரணங்கள். பொங்கலுக்கும் படையலுக்கும் பச்சரிசியையே உயர்வாக வைத்தவர்களும் அதே முன்னோர்தாம். நன்மை தெரிந்து செய்யப்படவில்லை என்பதால் நன்மை குறைந்துவிடாது.

பிராடனின் கருத்தை ஐயுற்றவர்களுள் ஒருவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் மருத்துவப் பணியாற்றிய வில்லியம் ஃபிளெச்சர். ஐயத்தைச் சோதனையால் தீர்க்க முற்பட்டார். 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் செய்து, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பிரிவாகவும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொரு பிரிவாகவும் பிரித்தார். ஒரு பிரிவுக்குச் சயாமிய வெள்ளை அரிசி. மற்றதற்கு இந்தியப் புழுங்கல் அரிசி. 1906ஆம் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது, வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 34 பேரை நோய் பற்றியிருந்தது. 18 பேர் இறந்திருந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவரிடம் மட்டுமே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். இப்பிரிவில் பெரிபெரியால் இறந்தவர் எவருமில்லர். மருத்துவ வரலாற்று நூல்கள் இதனைச் சிறந்த ஒப்பீட்டுச் சோதனைகளுள் ஒன்றாகப் போற்றுகின்றன. சோதனை சிறந்ததே. ஆயினும், தாம் ஏன் அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டோம் என்று கேட்கவும் இயலாத அந்தப் பதினெண்மரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர்கள் ஹென்றி ஃபிரேசரும் ஏ. டி. ஸ்டான்டனும். 1900இல் நிறுவப்பெற்ற கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த இவர்கள், 1907இல் நெகிரி செம்பிலானின் ஜெலுபு மாவட்டக் காட்டுப் பகுதியில் சாலை அமைத்துக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் வழங்கினர். சில மாதங்களில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் நோய் தலைகாட்டியது. புழுங்கலுக்கு மாற்றினர், நோய் நின்றது. மறு கூட்டத்துக்கு வெள்ளை அரிசியை அளித்தபோது அங்கே நோய் தோன்றியது. நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றவில்லை, அரிசியைப் பின்தொடர்ந்தே சென்றது என்பது தெளிவாயிற்று.

இங்கேதான் அளவையின் கதை தொடங்குகிறது. ஓர் அரிசி மூட்டையைப் பார்த்து, இது நோய் தருமா தராதா என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு மூட்டைக்கும் கூலிகளை வைத்துச் சோதிக்க முடியாது. ஜாவாவில் எய்க்மான் காட்டிய வழியில் கோழிகளை வைத்துச் சோதிக்கலாம். அதற்கும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபிரேசரும் ஸ்டான்டனும் வேதியியலை நாடினர். பல அரிசிகளைப் பகுத்தாய்ந்து பார்த்ததில், நோய் தரும் அரிசிகளில் பாஸ்பரஸ் குறைவாகவும் காக்கும் அரிசிகளில் மிகுதியாகவும் இருக்கக் கண்டனர். பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்டால் 0.4 விழுக்காட்டுக்குக் குறையாத அரிசி பாதுகாப்பானது என்பது அவர்கள் வகுத்த எல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு சில மணி நேரத்தில் அளந்துவிடலாம். இறக்குமதியாகும் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தால் போதும்.

வியப்பு என்னவென்றால், பெரிபெரியைத் தடுப்பது பாஸ்பரஸ் அன்று! பாஸ்பரஸ் உப்புகளைத் தனியே கொடுத்தால் நோய் தீராது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. அரிசியின் மேலடுக்கிலே மருந்துப் பொருளும் இருந்தது, பாஸ்பரஸும் இருந்தது. தீட்டும்போது இரண்டும் சேர்ந்தே போயின. ஆகவே காணமுடியாத ஒன்றின் வருகையைக் காணக்கூடிய ஒன்றைக் கொண்டு கணித்தனர், புகையைக் கொண்டு நெருப்பை அறிவதுபோல. அந்த மருந்துப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுக்க 1926ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது; ஜாவாவில் யான்சென், டோனாத் என்னும் இருவர் அதனைச் செய்தனர். 1936இல் அது ஆய்வுக்கூடத்தில் ஆக்கவும்பட்டது. தயமின் அல்லது வைட்டமின் பி1 என்று இன்று பாடநூல்களில் காண்பது அதுவே. 'வைட்டமின்' என்னும் சொல்லையே காசிமிர் ஃபுங்க் 1912இல்தான் படைத்தார். பொருளுக்குப் பெயர் வைக்கப்படும் முன்னரே அதன் நிழலை அளந்து அரிசியைத் தரம் பிரித்தவர்கள் நம் வட்டாரத்தவர் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளல் வேண்டும்.

1910இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கத்தார், தீட்டிய வெள்ளை அரிசியைத் தொடர்ந்து முதன்மை உணவாக உண்பதே பெரிபெரிக்குக் காரணம் என்று தீர்மானம் இயற்றினர். தீர்மானம் உலைப்பானையை எட்டச் சில பத்தாண்டுகள் ஆயின. வெண்மை தூய்மையின் அடையாளமாகவும் செல்வத்தின் அடையாளமாகவும் கருதப்பட்டது. புழுங்கலின் மணம் பலருக்குப் பிடிக்கவில்லை. தமிழர் மகிழ்ந்துவிடவும் இடமில்லை. பெரிபெரியிலிருந்து தப்பிய தோட்டத் தொழிலாளரை மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுக்கடுப்பும் கொண்டுபோயின. எந்த அரிசியும் கொசுவைத் தடுக்காது.

நோய் ஒருமுறை திரும்பியும் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசிப் பங்கீடு சுருங்கியது. மரவள்ளிக்கிழங்கு மக்களின் உணவாயிற்று. தாயின் உணவில் தயமின் இல்லையேல் தாய்ப்பாலிலும் அது இராது. பார்ப்பதற்குக் கொழுத்தாற்போல் இருக்கும் கைக்குழந்தை திடீரென நீலம் பாய்ந்து, ஓசையின்றி அழுது, மாண்டுபோகும். ஆட்சியின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் கண்ட இக்குழந்தைப் பெரிபெரியைப் பற்றி மருத்துவர் ஜி. ஹரிதாஸ் எழுதிய கட்டுரை 1947இல் வெளியாயிற்று. சாங்கிக் கைதிகள் முகாமிலோ தவிடு மருந்தாகப் பங்கிடப்பட்டது. வேறு ஒரு வைட்டமினுக்காகப் புல்லையும் லாலாங்கையும் அரைத்துச் சாறு எடுத்தனர். குழந்தை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற சிசிலி வில்லியம்சும் அங்குச் சிறைப்பட்டுப் பெரிபெரியால் வருந்தியவரே.

இனி, சப்போட்டாவுக்கு வருவோம். வெண்ணெய் உருக்கும்போது முருங்கைக்கீரையையோ கறிவேப்பிலையையோ ஒரு கொத்துப் போடுவது நம் வீட்டு வழக்கம். மணத்துக்காக என்போம். அதோடு, நெய் சிக்கு வாடை அடிக்காமல் பல நாள் நிற்கவும் அது உதவுகிறது. கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதே அவ்வாடையின் காரணம். இலையிலுள்ள சில பொருள்கள் தாம் முன்சென்று அத்தாக்குதலை ஏற்று, கொழுப்பைக் காக்கின்றன. இவையே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். இதே வினை மனித உடலிலும் நிகழ்கிறது. முதுமைக்கே அதுதான் காரணம் என்னும் கோட்பாட்டை 1956இல் அமெரிக்கரான டென்ஹாம் ஹார்மன் முன்வைத்தார். நெய்யைக் காக்கும் பொருள் உடலையும் காக்குமன்றோ என்னும் எண்ணம் பிறந்தது. எண்ணம் அழகியது. அதிலேதான் வழுக்கலும் இருந்தது.

அளக்கும் முறையும் எளிதாகவே அமைந்தது. 1958இல் பிளாய்ஸ் என்பவர் ஆழ்ந்த ஊதா நிறமுள்ள ஒரு வேதிப்பொருளைப் பயன்படுத்தினார். தடுப்பான் சேர்ந்தால் ஊதா மறைந்து வெளிர்மஞ்சள் ஆகும். எவ்வளவு நிறம் குன்றுகிறதோ அவ்வளவு ஆற்றல். பின்னர் வந்த மற்றொரு முறையில் நீலப்பச்சை நிறம் அழியும். இன்னொன்றில் ஒளிரும் பொருளின் ஒளி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்ப்பர். 'ஓராக்' என அழைக்கப்பட்ட இம்முறை 1990களில் உருவாயிற்று. நம் பல்கலைக்கழகத்தார் 27 கனிகளையும் முதலிரு முறைகளால் சோதித்தனர். அவர்கள் கண்டவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது முதலிடம் எதற்கு என்பதன்று. ரம்புத்தானின் ஆற்றலில் 70 விழுக்காடு வைட்டமின் 'சி'யால் வருவது. சப்போட்டாவிலோ அதன் பங்கு 0.06 விழுக்காடுதான். அஃதாவது, சப்போட்டாவின் பேராற்றல் முழுவதும் வேறு பொருள்களுக்கு உரியது. அவை துவர்ப்புப் பொருள்கள். காயைக் கடித்தவுடன் நாக்கும் அண்ணமும் இறுகிக்கொள்கின்றனவே, அந்தத் துவர்ப்பு! அறுசுவையுள் ஒன்றாகத் துவர்ப்பைத் தனித்து எண்ணிய மொழி நம்முடையது. வேதியியலார் அதனைப் பாலிஃபீனால் என்பர்.

சிங்கப்பூர் ஆய்வாளர் கனியோடு நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டில் ஆசியச் சமையலின் சுவைப்பொருள்களைச் சோதித்தபோது, கறுப்புச் சோயாச் சாறு மிகப் பேராற்றல் காட்டியது. 2010இல் இங்கு உண்ணப்படும் 66 காய்கறிகளும் 38 கனிகளும் அளக்கப்பட்டன. ஆனால் சோயாச் சாற்றின் எண் எவ்வளவு உயர்ந்தாலும் அதிலுள்ள உப்பு இருக்கத்தானே செய்யும்? எண்ணிக்கை ஒரு குணத்தைச் சொல்லும்போது மற்றக் குணங்களை மறைத்துவிடுகிறது.

இதனை வணிகர் நன்கு பயன்படுத்திக்கொண்டனர். அமெரிக்க வேளாண்மைத் துறை 2007இல் உணவுகளின் 'ஓராக்' எண்களைப் பட்டியலாக வெளியிட்டதும், புட்டிகளின் மேலும் பொட்டலங்களின் மேலும் அவ்வெண்கள் பெரிய எழுத்தில் ஏறின. 2012இல் அத்துறையே பட்டியலை நீக்கிக்கொண்டது. அவ்வெண்கள் விற்பனைக்குத் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன என்பதும், குழாயில் காணும் ஆற்றல் உடலில் காணப்படும் என்பதற்குச் சான்றில்லை என்பதும் அது கூறிய காரணங்கள். அதற்கு முன்பே ஒரு கசப்பான பாடம் கிடைத்திருந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையும் என எதிர்பார்த்தனர். 18 விழுக்காடு மிகுந்திருந்தது. கேரட்டும் கீரையும் உண்பவர் நலமாயிருக்கின்றனர் என்ற பழைய காட்சி பொய்யன்று; அந்நலத்தை ஒரு பொருளின் கணக்கில் எழுதியதே பிழை.

உடலுக்குள் நடப்பது வேறு என்பதற்கு இன்னொரு சான்று சுவையானது. ஆப்பிள் உண்டபின் குருதியின் தடுப்பாற்றல் உயர்வதை அளந்து பலர் மகிழ்ந்தனர். நுணுகிப் பார்த்தபோது, அவ்வுயர்வின் பெரும்பகுதி பழத்தின் சருக்கரையால் உடலே உண்டாக்கிய யூரிக் அமிலத்தால் வந்தது எனத் தெரிந்தது. பழத்தின் பாலிஃபீனால்களில் மிகச் சிறு பங்கே குருதியை அடைகிறது. இத்துறையின் மூத்த அறிஞரும், 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தவருமான பாரி ஹாலிவெல், குழாயில் அளந்ததை உடலின் மேல் ஏற்றிச் சொல்லுதல் தகாது என்று தொடர்ந்து எச்சரித்தவர். இவ்வெச்சரிக்கையையும் அந்தப் பட்டியலையும் ஒரே பல்கலைக்கழகம் தந்தது என்பதில் எனக்குப் பெருமிதமுண்டு.

இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். பாஸ்பரஸ் எண் வேதியியல் நோக்கில் தவறான பொருளை அளந்தது. ஆயினும் அதன் பின்னால் கோழிகளும் மனிதரும் நோயுற்றதும் நோய் நீங்கியதும் நின்றன. எண் எதைக் குறிக்கிறது என்பதை உடல்கள் முன்னரே சொல்லியிருந்தன. சப்போட்டாவின் எண் குழாயில் மிகச் செப்பமானது. அதன் பின்னால் உடல்கள் இன்னும் நிற்கவில்லை. தமிழாசிரியர் சிலர், அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியை எடுத்துக்காட்டி, சங்கத்தார் ஆக்சிஜனேற்றத் தடுப்பானை அறிந்திருந்தனர் என்று வகுப்பில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். புறநானூற்றின் 91ஆம் பாடலில் வியக்கத்தக்கது கனியின் வேதியியலன்று. பெறற்கரிய கனியைத் தானே உண்ணாமல், அதன் பயனையும் சொல்லாமல், புலவருக்குக் கொடுத்தானே, அதுதான். அதனை அளக்க ஊதா நிறமும் பச்சை நிறமும் உதவா.

அதே பல்கலைக்கழகத்தார் 2004இல் சப்போட்டாவைச் சில நாள் வைத்திருந்து மீண்டும் அளந்தனர். நாள் செல்லச் செல்ல அதன் துவர்ப்புப் பொருள்கள் குறைந்தன; எண்ணும் இறங்கியது. என் பாட்டியார் தேக்காவிலிருந்து கல்போன்ற சப்போட்டாக்களை வாங்கிவந்து, புழுங்கல் அரிசிப் பானைக்குள் கை முழங்கை வரை விட்டுப் புதைத்துவைப்பார். மூன்றாம் நாள் காலையில், அரிசி அளக்கப் படியை இறக்கும்போது, பானையிலிருந்து வாசம் எழும். துவர்ப்பு போய்விட்டது என்பார்.